செல்லக்கிளியின் வாசல் அடுப்பு

செல்லக்கிளி குடியிருந்த எந்த வீட்டிலும் உள்ளே அடுப்பு எரிந்ததில்லை. கீற்று வீடு, தகர வீடு, ஓட்டு வீடு என்று மாறி மாறி இருந்தாள். அடுப்பு மட்டும் வாசலில்தான். மழை பெய்தால் ஒரு கையில் குடை, ஒரு கையில் கரண்டி. கேஸ் வந்தபிறகாவது திருந்துவாள் என்று பார்த்தால், சிலிண்டரையும் வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் வைத்தாள். சிலிண்டர் போட வந்த ஆள் தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னாம்மா இது, ரோட்டுக்கே சமைச்சிப் போடப்போறியா?"

"ஆமாம்பா. நீயும் ஒக்காரு, ஒரு வாய் துன்னுட்டுப் போ."

அவளிடம் வாய் கொடுத்து யார் ஜெயித்தது? மகள் தமிழ்மொழியும் விடமாட்டாள். "எங்கம்மா சமையல்கட்டு எவ்ளோ பெருசு தெரியுமா, மேல பார்த்தா நட்சத்திரம் தெரியும்" என்று சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். மகன் கலைச்செல்வனுக்கு இதில் மானமே போயிற்று. சிரிக்காதவர் ஒருத்தர்தான், செல்லக்கிளியின் புருஷன் ராஜாங்கம். அவருக்குக் காரணம் தெரியும்.

அவள் பிறந்த ஊரின் பேரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்த ஊர் இப்போது இல்லை. பாழாய்க் கிடக்கிறது, சனம் விட்டுப் போய்விட்டது என்றெல்லாம் நினைக்காதீர்கள். அந்த இடமே இல்லை. சுரங்கத்துக்கு நிலம் எடுத்தார்கள், மண்ணை வாரிப் போட்டுவிட்டுக் கரியைத் தோண்டினார்கள். இன்றைக்கு அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்று குனிந்து பாருங்கள், மாடி மாடியாய் உயர்ந்த சக்கர எந்திரங்கள் அடியில் பிள்ளைகள் விளையாடுகிற சாமான் அளவுக்குத் தெரியும். அம்மாடி, அவ்வளவு ஆழம். செல்லக்கிளியின் வீடு இருந்த இடத்தில் இப்போது பருந்து பறக்கிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது, "எங்கம்மா எரிஞ்ச எடம் இப்ப வெறுங்காத்தா கீதுங்க" என்று ராஜாங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எரிந்தது எப்படி என்று கேட்டால், ஒரு டீ கிளாஸில் தொடங்கியது. ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஒரு டீக்கடை இருந்தது. கடைக்காரர் வேங்கடாசலம், ஊர்க்காரர். உள்ளே பலகையில் வரிசையாகக் கண்ணாடி கிளாஸ்கள் இருக்கும், அவை ஊர்க்காரர்களுக்கு. காலனிக்காரர்களுக்கு வெளியே பந்தல் காலில் ஆணி அடித்து, அதில் சில கிளாஸ்களை மாட்டியிருப்பார்கள். தானே எடுத்து நீட்டவேண்டும், உயரத்திலிருந்து டீ விழும், குடித்துவிட்டுத் தானே கழுவி ஆணியில் மாட்டிவிட்டுப் போகவேண்டும். காலனியில் பாவாடை என்று ஒரு இளந்தாரி இருந்தான், செல்லக்கிளிக்கு மாமன் முறை. நெய்வேலி டவுன்ஷிப்பில் கேன்டீன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். மதுரைக்காரர், கோயமுத்தூர்காரர், திருநெல்வேலிக்காரர் எல்லாரும் அங்கே ஒரே டம்ளரில் குடிப்பதைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது. ஒரு நாள் காலை டீயைக் குடித்தான், கிளாஸைக் கழுவினான், ஆணியில் மாட்டாமல் உள்ளே எட்டிப் பலகையில் மற்ற கிளாஸ்களோடு வைத்துவிட்டு வந்துவிட்டான். அவ்வளவுதான் அவன் செய்தது.

அன்று பொழுது சாயும்போது ஊர் திரண்டு வந்தது. பாவாடை வீட்டுக்கு மட்டும்தான் பலகைக் கதவு உண்டு என்று பெண்களும் பிள்ளைகளும் பாவாடையோடு அதற்குள் போய்ப் பதுங்கினார்கள். செல்லக்கிளி முந்திரித்தோப்பில் விறகு பொறுக்கப் போயிருந்தாள். அப்போது அவள் கல்யாணம் ஆகாத பெண். தலையில் சுள்ளிக்கட்டோடு தோப்பின் ஓரத்துக்கு வந்தபோது, டீக்கடைக்காரர் மகன் செங்குட்டுவன் அந்தக் கூரையில் பந்தத்தைச் செருகுவதைப் பார்த்தாள். அவள் வயசுதான் அவனுக்கும். கீற்று பற்றிக்கொண்டது. அம்மாவும் தம்பி மாரியும் அதற்குள்தான் இருந்தார்கள். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "கிளீ!" என்று கூப்பிட்டாள். அதற்கப்புறம் ஏதோ சொன்னாள், நெருப்புச் சத்தத்தில் கேட்கவில்லை. செல்லக்கிளி போகவில்லை. கால் எழும்பவில்லை, சுள்ளிக்கட்டைக்கூட இறக்கவில்லை, அப்படியே நின்றாள். அம்மா கூப்பிட்டும் போகாதவள் என்று தன்னைத்தானே அவள் அன்றிலிருந்து சொல்லிக்கொள்கிறாள். ராஜாங்கத்திடம்கூட இதை ஒரே ஒரு தரம்தான் சொல்லியிருக்கிறாள்.

கோர்ட்டில் சாட்சி சொன்னாள். ஊர்த் தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே கேட்டார், "இருட்டிப் போச்சுன்னு நீயே சொல்றே. அப்புறம் எப்படிம்மா ஆள் தெரிஞ்சுது?"

"அவுரு கொளுத்துன வெளிச்சத்துலதாங்க பார்த்தேன்" என்றாள்.

ஆனாலும் என்ன? அன்றைக்கு நான் திருவதிகையில் தேர் பார்க்கப் போயிருந்தேன் என்றான் செங்குட்டுவன். ஆமாம் போயிருந்தான் என்று சொல்ல ஆள் இருந்தது. எல்லாரும் விடுதலை. ஊர் அம்மன் கோயிலில் அவனை நிறுத்திச் சத்தியம் வாங்கியதாகவும் பேச்சு வந்தது. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றானாம். கற்பூரத்தை அணைத்துச் சொன்ன பிறகு எவன் கேள்வி கேட்பான்? விஷயம் முடிந்தது என்றார்கள். செல்லக்கிளிக்குத்தான் முடியவில்லை. கல்யாணமாகி ராஜாங்கத்தோடு வந்த முதல் நாளே அடுப்பைத் தூக்கி வெளியே வைத்தாள்.

அப்புறம் சுரங்கம் வந்து ஊரையும் தின்றது, காலனியையும் தின்றது. முத்தாண்டிக்குப்பம் போகிற சாலை ஓரம் மாற்று மனை கிடைத்தபோது, அவரவர் பக்கத்தை அவரவர் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சாலைக்கு இந்தப் பக்கம் காலனி, அந்தப் பக்கம் ஊர். நிலம் போனவர்களில் பலருக்குக் கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. கரி யார்டில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை அள்ளிப் போடும் வேலை செல்லக்கிளிக்கு. வேலைக்குச் சேர்ந்த அன்று நிமிர்ந்து பார்க்கிறாள், தண்ணீர் அடிக்கிற ஹோஸைப் பிடித்துக்கொண்டு செங்குட்டுவன் நிற்கிறான்.

நெய்வேலிக் கரியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அதை யாரும் கொளுத்த வேண்டியதில்லை. வெட்டிக் குவித்துப் போட்டால் வெயிலும் காற்றும் பட்டு உள்ளுக்குள்ளேயே சூடேறி, தானாகப் புகையும், தானாகப் பிடிக்கும். மலை மலையாய்க் கிடக்கிற அந்தக் குவியலைச் சுற்றி ஆள் போட்டுத் தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். செங்குட்டுவனுக்கு அதுதான் வேலை. ஒரு நூல் புகை தெரிந்தால் போதும், மற்றவன் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்பான், இவன் ஓடுவான். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதின பிறகும் ஹோஸைக் கீழே போடாமல் நிற்பான். பெர்மனென்ட் ஆட்கள், "உனக்கு இன்னா, கம்பெனியே உன் பேர்லயா எழுதி வெச்சிருக்கான்?" என்று கேலி செய்வார்கள். அவன் பதில் பேசமாட்டான். பீடி கிடையாது, தீப்பெட்டி கையில் எடுத்து யாரும் பார்த்ததில்லை.

செல்லக்கிளி பார்த்துக்கொண்டே இருந்தாள். வருஷக்கணக்காக ஒரே யார்டில், ஒரு வார்த்தை பேசாமல். அவள் வரும் பக்கம் அவன் வரமாட்டான். அவன் நிற்கும் பக்கம் அவள் துப்பிவிட்டுப் போவாள். ஆமாம், துப்பினாள். அவள் ஒன்றும் சாமியார் இல்லை.

போன தை மாதம் செங்குட்டுவனின் மனைவி செத்துப்போனாள். ஆண்பிள்ளை இல்லை, எழில்மதி என்று ஒரே மகள், டவுன்ஷிப்பில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவள். மனைவிக்கு அவன்தான் கொள்ளி வைக்கவேண்டும். கூட வேலை செய்கிறவர் என்ற முறையில் ராஜாங்கமும் சுடுகாட்டுக்குப் போயிருந்தார். வந்ததும் குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்து சொன்னார்.

"கொள்ளியக் கைல குடுத்தாங்க. வாங்கனான். வாங்கிகினு நிக்கிறான், நிக்கிறான், கை ஆடுது. கீழ போட்டுட்டான். திருப்பி எடுத்துக் குடுத்தாங்க. 'என் கையால வேணாம், இந்தக் கை வேணாம்'னு கத்திகினு ஓடறான்யா. கடைசில மச்சான் புள்ள விஜயராஜ் வெச்சான். ஊர்க்காரன் அத்தினி பேரும் காறித் துப்புறான். பொண்டாட்டிக்குக் கொள்ளி வெக்காதவன் இன்னா ஆம்பளன்னு."

செல்லக்கிளி வாசல் அடுப்பில் சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது. சாலைக்கு அந்தப் பக்கத்தில் இன்னொருத்தன் தன்னைப் போலவே நெருப்பை வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வாழ்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. அவனுக்கும் தனக்கும் பொதுவாக ஒன்று இருப்பதாவது! ஆனால் நினைப்பு போகவில்லை.

சித்திரையில் கலைச்செல்வன் கான்கிரீட் போட்டுக் கட்டிய மெத்தை வீடு முடிந்தது. சமையலறையில் கருங்கல் மேடை, சுவரில் வெள்ளை டைல்ஸ், புகை போக ஃபேன். பால் காய்ச்ச நாள் குறித்தார்கள். "இந்த வாட்டி அடுப்பு உள்ளதாம்மா. வாசல்ல வெச்சே, நான் பொல்லாதவனாயிடுவேன்" என்றான் மகன். செல்லக்கிளி அந்த அறைக்குள் போய் நின்று பார்த்தாள். அடுப்பு வெறுமனே இருக்கும்போதே அவளுக்கு மூச்சு முட்டிற்று. வெளியே வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம் எடுத்து வைத்துக்கொண்டு சாலையைக் கடந்து ஊர்ப் பக்கம் போனாள்.

செங்குட்டுவன் கதவைத் திறந்தவன் தட்டைப் பார்த்து வெலவெலத்துப் போனான்.

"வர்ற வெள்ளிக்கெழம வூடு பால் காச்சுறோம். காத்தால ஆறு டு ஏழரை" என்றாள் செல்லக்கிளி. "நீங்க வந்து அடுப்பு பத்த வெக்கணும்."

"நானாம்மா?" என்றான்.

"நீங்கதான். ஆனா சும்மா வந்து பத்த வெச்சிட்டுப் போவக் கூடாது. வாசப்படில நின்னு, கோர்ட்ல சொல்லாதத சொல்லணும். எல்லாருக்கும் காது கேக்கணும். அப்புறம் உள்ள வரலாம்."

அவன் உள்பக்கம் திரும்பிப் பார்த்தான். மகள் எழில்மதி அங்கே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எம் பொண்ணுக்குத் தெரியாதும்மா."

"அது ஒங்க பாடு. என் வூட்டு அடுப்பு என் பாடு." தட்டை அவன் கையில் திணித்துவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டில் ஒரே ரகளை. கலைச்செல்வன் எகிறிக் குதித்தான். "யாரக் கேட்டுக் கூப்ட்ட? அந்தாளு கால் என் வூட்டு வாசப்படில படறதா? மன்னிச்சிட்டியா நீ?"

"மன்னிக்கிறதா? அந்த வார்த்தையே எனக்கு வாய்ல வராதுடா" என்றாள். "எரிஞ்சது எங்கம்மா. இந்த வயசுல ஒரு நாளாவது வூட்டுக்குள்ள சோறாக்கணும்னு ஆச எனக்கு இருக்காதா? கொளுத்துன கையே வந்து அடுப்புல வெக்கட்டும். கூரைல வெச்சா இன்னாவும், அடுப்புல வெச்சா இன்னாவும்னு அந்தக் கைக்கும் தெரியட்டும்."

ராஜாங்கம் மகன் தோளைத் தொட்டு, "உட்ரா" என்றார்.

வெள்ளிக்கிழமை. வாசலில் பந்தல், வாழைமரம், உள்ளே சனம். ஆறே முக்கால் ஆயிற்று, அவன் வரவில்லை. ஏழு ஆயிற்று. "நேரம் போவுது, யாராச்சும் ஒரு சுமங்கலி பத்த வெக்கக் கூடாதா?" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். பால் சட்டி மேடையில் காத்திருந்தது. கலைச்செல்வன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தான். அவள் வாசற்படியிலேயே நின்றாள். செங்குட்டுவன் வராவிட்டால் இந்த வீட்டிலும் அடுப்பு வெளியேதான், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ஏழே காலுக்குச் சாலையைக் கடந்து வந்தான், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு. கூடவே எழில்மதி, அழுது வீங்கின முகத்தோடு. வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கூட்டி வந்திருக்கிறான் என்று பார்த்த உடனே தெரிந்தது. அவர்களுக்குப் பின்னால், சாலையின் அந்தப் பக்கம், ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். செங்குட்டுவன் செருப்பைத் தெருவிலேயே விட்டான். படிக்குக் கீழே நின்றான்.

"நான் டீக்கட வேங்கடாசலம் மவன்" என்று ஆரம்பித்தான். "அன்னிக்கி நான் திருவதிகையில இல்ல. இங்கதான் இருந்தேன். பாவாடை வூட்டுக் கூரைல மொத பந்தத்த வெச்சது நான். கற்பூரத்த அணைச்சி நான் பண்ண சத்தியம் பொய்யி." நிறுத்தினான். மகளைத் திரும்பிப் பார்த்தான். "கதவுக்கு வெளிப்பக்கம் சங்கிலி போட்டதும் நான்தான்."

சங்கிலி! கதவு இறுகிப் போய்த் திறக்க வரவில்லை என்றுதான் அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். கலைச்செல்வன் ஒரு பாய்ச்சலில் படி இறங்கினான்; ராஜாங்கம் இடுப்போடு கட்டிப் பிடித்தார். கூட்டத்தில் ஒரு பெண் ஓவென்று அழுதாள். செங்குட்டுவன் நகரவில்லை, அடி விழட்டும் என்று நின்றான். நின்றபடியே சொன்னான்.

"பாவாடை. அவங்கம்மா குப்பாயி. மண்ணாங்கட்டி பொண்டாட்டி, அவ ரெண்டு புள்ளைங்க. அஞ்சலாட்சி அம்மா. அவங்க சின்னப் பையன் மாரி. அப்புறம் பேர் வெக்காத பச்சப்புள்ள ஒண்ணு."

காலனியிலேயே பாதிப் பேருக்கு அந்தப் பேர்கள் வரிசையாகத் தெரியாது. யாரும் கேட்காமல், ஒன்று விடாமல், பேர் வைக்காத பிள்ளையையும் சேர்த்துச் சொல்கிறான். எத்தனை ராத்திரி சொல்லிப் பார்த்திருப்பான்!

செல்லக்கிளி ஒரு படி இறங்கினாள். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்தாள். கேட்டுவிட்டாள்.

"அஞ்சலாட்சி எங்கம்மா. உள்ளேந்து என்ன கூப்ட்டுச்சி. நீங்க கதவாண்ட நின்னீங்க இல்ல? இன்னா சொல்லிச்சி?"

செங்குட்டுவன் நிமிர்ந்து அவள் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தான்.

"'கிளீ, இந்தப் பக்கம் வந்துடாத. அப்பிடியே ஓடிரு'ன்னாங்க. அதத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாங்க, கடைசி மட்டும்."

செல்லக்கிளி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தமிழ்மொழி ஓடி வந்து பிடித்தாள். அம்மா அழைக்கவில்லை, போகச் சொல்லியிருக்கிறாள். அவள் போகாமல் நின்றது அம்மா பேச்சைக் கேட்டதாகத்தான் ஆகிறது. இந்த ஒரு வார்த்தைக்காக அவள் எந்தக் கோயிலுக்கும் போகத் தயாராக இருந்தாள், அது இந்தப் பாவியின் வாயிலல்லவா இத்தனை வருஷம் இருந்திருக்கிறது! வாய்விட்டு அழுதாள். அம்மா செத்த அன்றைக்கு அழாத அழுகை அது. அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எழுந்து, படியில் ஒரு ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள்.

"நேரம் போவுது. உள்ள வாங்க."

சமையலறையில் தீப்பெட்டியை அவளே எடுத்துக் கொடுத்தாள். முதல் குச்சி உடைந்தது. இரண்டாவது பற்றி அணைந்தது.

"மெதுவா" என்றாள் செல்லக்கிளி.

அடுத்த குச்சி நின்று எரிந்தது. அவள் அடுப்பைத் திருகினாள், அவன் குச்சியைக் கிட்டே கொண்டுபோனான், நீல நெருப்பு வட்டமாக வந்து நின்றது. அவ்வளவு சின்ன நெருப்பு. அறையில் நெருக்கியடித்து நின்ற அத்தனை பேரும் ஏதோ தெய்வத்தைக் கண்ட மாதிரி அதையே பார்த்தார்கள். செங்குட்டுவன் கையெடுத்துக் கும்பிட்டான், அடுப்பையா அவளையா என்று யாருக்கும் தெரியவில்லை. பால் நுரை கட்டி எழும்பிப் பொங்கி மேடையில் வழிந்தது. செல்லக்கிளி அடுப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அலமாரியில் டம்ளர் தேடினாள். தான் அப்படித் திரும்பி நிற்பதே அவளுக்குத் தெரியவில்லை. ராஜாங்கம் பார்த்தார், பார்த்துவிட்டு வெளியே போய்த் துண்டால் மூக்கைச் சிந்தினார்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர். எழில்மதிக்குத் தமிழ்மொழி கொடுத்தாள். செங்குட்டுவனுக்குச் செல்லக்கிளி தன் கையால் கொடுத்தாள். அவன் நின்றபடியே குடித்தான். குடித்துவிட்டு நேரே வாசல் குழாய்க்குப் போனான். குனிந்து டம்ளரைத் தேய்த்துக் கழுவினான். கழுவட்டும் என்று விட்டாள் செல்லக்கிளி, தடுக்கவில்லை. கழுவின டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் வாசலிலேயே நின்றான். பந்தல் கால் பக்கம் ஒரு தடவை பார்த்தான். நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வெளிய இன்னா தேடறீங்க?" என்றாள் செல்லக்கிளி. "உள்ள வைங்க. மத்ததோட."